கடலுக்குள் களையெடுத்த கதை

என் மகள் வெளிநாட்டில் புல் எண்ணும் வேலை பார்க்கிறாள் என்று எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. "கடல் ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்வேன். கேட்கிறவர்கள் கப்பல், நீர்மூழ்கி என்று அவரவர் வசதிக்குக் கற்பனை செய்துகொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

விஷயம் இதுதான். இந்தோனேசியாவில், சிங்கப்பூருக்குத் தெற்கே, நம் பாகூர் ஏரிக்குள் தூக்கி வைத்தால் அடங்கிவிடும்போல் ஒரு குட்டித் தீவு. அங்கே அகிலா இரண்டு வருடமாக இருக்கிறாள். தீவைச் சுற்றி ஆழம் குறைந்த கடலில் புல் வளர்கிறது. பாசி இல்லை. வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள அசல் புல். அது கூடுகிறதா, குறைகிறதா, நோயில்லாமல் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று போனில் இதைச் சொன்னபோது அவள் அப்பா, "மாட்டுக்கா?" என்று கேட்டார். "மாட்டுக்குந்தாம்பா" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த மார்ச்சில் ஒரு காலை, கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அகிலா கூப்பிட்டாள்.

"அம்மா, பதறாத. சின்ன விஷயந்தான்."

படகுத்துறைப் பலகையில் பாசி வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த வாரம் அது. வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டு நகர முடியாது. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. பிரான்சில் இருக்கும் என் தங்கை, "வாக்கா, வாக்கா" என்று அழைத்த வேகத்தில் எடுத்து வைத்தது. அவள் அனுப்புவதாகச் சொன்ன அழைப்புக் கடிதம் வரவேயில்லை. பாஸ்போர்ட் பட்டுப்புடவைக்கு நடுவில் நாப்தலீன் வாசத்தோடு காத்திருந்தது.

"நீ போயி கையோட இட்டுகினு வந்துடு" என்றார் வீட்டுக்காரர். வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். விண்ணப்பத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்தார். "கால் சரியாவறவரைக்கும் வூட்ல இருக்கட்டும். அப்புறம் பஸ்சுல வேலைக்குப் போயிட்டு வரட்டும். புல்லு எண்ணுனது போதும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

போய் இறங்கிய விமான நிலையத்தில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரி, தாளிப்பு வடகத்தை வெளியே எடுத்தார். கறுத்துக் காய்ந்து கல்லுருண்டை மாதிரி எட்டு உருண்டைகள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். வெங்காயமும் பூண்டும் விளக்கெண்ணெயுமாக வெயிலில் பத்து நாள் காய்ந்த சாமான் அது. அவர் தலை தானாகப் பின்னால் போனது. இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். நான் கையில் கரண்டி பிடித்து, எண்ணெய் ஊற்றி, தாளித்து, "உஸ்ஸ்" என்று சத்தமும் கொடுத்துக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்ற பெண்மணி கைதட்டினார். அதிகாரி எட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கடைசியில் ஒரு மரப்படகு. அதன் பெயர் பொம்பொங். எஞ்சினைக் கிளப்பினால் அதுவே தன் பெயரைச் சொல்கிறது. ஓட்டியவர் ஹாருன். ஐம்பது வயது இருக்கும், முறுக்கு மீசை, ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தார். வழி முழுக்கத் தண்ணீரைக் காட்டி, கரையைக் காட்டி, தன் முழங்காலைக் காட்டி என்னிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் யாரைப் பற்றிப் புகார் சொன்னார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. என் மகளைப் பற்றி.

கரைக்கு முன்னால், ஒரு ஃபர்லாங் தூரத்தில், படகு நின்றுவிட்டது. கடல் வற்றியிருந்தது. ஹாருன் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி, என்னையும் இறங்கச் சொன்னார். புடவையை நடவுக்குச் செருகுவது போலச் செருகி, அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

முழங்கால் அளவு தண்ணீர். அடியில் மெத்தென்று சேறு. சுற்றிலும் நீள நீளமாகப் பச்சை இலைகள் ஒரே பக்கம் சாய்ந்து அசைந்தன. நடவு முடிந்து ஒரு மாதமான வயலில் இறங்கியது போலவே இருந்தது. காலுக்குப் பழகிய இடமாகத் தோன்றியதால் வேகமாக நடந்தேன்.

தூரத்தில் பலகைத் துறையின் நுனியில் ஊன்றுகோலோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன். கண் கலங்கியது. அவள் கையை உயர்த்திக் கத்தினாள்.

"அம்மா! அது மேல மிதிக்காத! எடது பக்கம் மணலு கீது பாரு, அதுல வா!"

வந்தாயா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அகிலா தங்கியிருந்தது ரொஹானாவின் வீட்டில். தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய மரவீடு. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே நண்டு போகிறது. ரொஹானாவுக்கு என் வயது. கணவர் இல்லை. மருமகள் சாரியோடு இருக்கிறாள். மருமகளை அவள் கூப்பிடும்போதெல்லாம் யாரோ மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஹாருன் அவளுடைய தம்பி.

மறுநாள் காலை ரொஹானா சன்னலைத் திறந்து வெளியே பார்த்து, "சுருட்டா?" என்றாள். சாரியும் எட்டிப் பார்த்து, "சுருட்டு, சுருட்டு" என்றாள்.

நான் அகிலாவை ஓரமாக அழைத்தேன். "இன்னாடி, பொம்பளைங்க காலங்காத்தால சுருட்டு புடிக்கிறாங்களா?"

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடல் வற்றுவதற்கு அவர்கள் மொழியில் 'சுருட்'. அந்தச் சொல்லைச் சுற்றித்தான் அந்தத் தீவில் பெண்களின் நாள் ஓடுகிறது. எத்தனை மணிக்குச் சுருட், எவ்வளவு சுருட் என்று பார்த்துத்தான் உலை வைக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். தண்ணீர் வற்றினால் கூடையை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கிவிட வேண்டும்.

அன்று ரொஹானாவோடு நானும் போனேன். இந்த முறை மணலில் நடந்தேன். அவள் குனிந்து இலையை ஒதுக்கி ஒரு நத்தையை எடுத்தாள். தடித்த ஓடு, ஒரு பக்கம் உதடு பிதுங்கினாற்போல் இருக்கும். கோங்கோங் என்று பெயர். அரை மணியில் கூடை நிறைந்தது. நடுவில் இரண்டு நண்டு, கைப்பிடி அளவு மட்டி, புல்லின் காய்கள் சில. அந்தக் காயை உடைத்து உள்ளேயிருந்த பருப்பை என் வாயில் போட்டாள். பச்சை வேர்க்கடலைக்கும் பனங்கிழங்குக்கும் நடுவில் ஒரு ருசி.

மதியம் கோங்கோங்கை வேகவைத்து, ஆளுக்கொரு பல்குச்சி கொடுத்தார்கள். குச்சியால் குத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தால் சதை முழுதாக வர வேண்டும். எனக்கு முதல் ஐந்தும் பாதியில் அறுந்துபோயின. ஆறாவது வந்த வேகத்தில் சாரியின் தட்டில் போய் விழுந்தது. தொட்டுக்கொள்ள இறால் கூழில் அரைத்த மிளகாய்ச் சட்னி. அந்த வாசனை பட்டதும் எனக்கு உயிர் வந்தது. நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்குச் சொந்தக்காரி அந்தச் சட்னி. பதிலுக்கு நான் வடகத்தைத் தாளித்து ஓரா மீனில் குழம்பு வைத்தேன். ரொஹானா மூன்று தட்டு சோறு போட்டுக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள், யார் வீட்டில் உப்பு அதிகம் போடுவார்கள் என்பது உட்பட எல்லாம் பேசிவிட்டோம்.

"இந்த ஓரா மீனு எங்க வளருது தெரியுமா?" என்றாள் அகிலா. "அந்தப் புல்லுலதான். நண்டு, நத்தை எல்லாமே அதுலதான் குஞ்சு பொரிக்குது. வடகாத்து அடிக்கிற மூணு மாசம் ஆம்பளைங்க படகு எறக்க முடியாதும்மா. அப்ப இந்தத் தீவுல எல்லார் வூட்டுச் சட்டியிலயும் வேகறது இவங்க புல்லுல இருந்து பொறுக்கினு வர்றதுதான்."

ரொஹானா ஏதோ சேர்த்துச் சொன்னாள். அகிலா மொழிபெயர்த்தாள்: "போன வருஷம் அவங்க தம்பியோட எஞ்சின் ரெண்டு மாசம் ரிப்பேராம். அக்கா குடுத்த நத்தையைத் தின்னுட்டு, அக்காகிட்டயே 'புல்லாவது மண்ணாவது'ன்னு சண்டை போட்டானாம்."

அந்தச் சண்டையின் கதையை அப்போதுதான் கேட்டேன். முன்பெல்லாம் படகுகளைக் கரைக்கு அருகிலேயே நிறுத்தி நங்கூரம் போடுவார்கள். அலையில் படகு ஆட ஆட, இரும்பு நங்கூரம் கீழே புல்லை உழுதுவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெண்களும் அகிலாவின் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, துறைக்குக் கிழக்கே ஒரு பகுதியில் மட்டும் நங்கூரம் போடாமல் விட்டுப் பாருங்கள் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறார்கள். அதனால் ஹாருன் போன்றவர்கள் தூரத்தில் படகை விட்டு, எஞ்சினைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். புல் திரும்ப வந்திருந்தால் ஏற்பாடு தொடரும். வரவில்லை என்றால் நங்கூரம் பழைய இடத்துக்கே வரும்.

"வந்திருக்கா?" என்றேன்.

"நாளைக்கு அளந்தாத்தாம்மா தெரியும். வந்திருக்கும்னுதான் தோணுது." கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டாள். "ஆளுதான் ஒண்ணு கொறையுது."

அந்த ஆள் நானானேன்.

வியாழக்கிழமை அளவு. ஐம்பது மீட்டர் டேப்பைக் கடலடியில் நேராக இழுத்து, குறித்த இடங்களில் பிளாஸ்டிக் குழாயால் செய்த சதுரத்தைப் போட வேண்டும். நம் ஊரில் விளைச்சல் சோதிக்க வேளாண் அதிகாரி வயலில் சதுரம் போடுவாரே, அதன் தம்பி. சதுரத்தைப் போட்டோ எடுத்து, உள்ளே எவ்வளவு பங்கு புல், என்ன வகை, இலை எத்தனை நீளம், இலைமேல் பாசி படிந்திருக்கிறதா என்று எழுத வேண்டும். இடங்கள் வருடக்கணக்காக மாறாதவை. அடையாளத்துக்கு முளை அடித்திருந்தார்கள்.

அகிலா துறையின் நுனியில் நாற்காலி போட்டு, குடை பிடித்து, கிரிக்கெட் நடுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். ரொஹானா சதுரம் போடுவாள். சாரி எழுதுவாள். நான் டேப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. இதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

முதல் வரிசை நன்றாகவே போனது. "முக்கா பாகம்" என்று நான் சொல்ல, அகிலா அதை எழுபத்தைந்து என்று மொழிபெயர்க்க, ரொஹானா இல்லை எழுபது என்று சண்டைக்கு வந்தாள். இரண்டாவது வரிசையில் பாதியில் போட்டோக் கருவியின் பேட்டரி தீர்ந்தது. வேறு எடுத்து வர அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அகிலா குடையைச் சாய்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் மட்டும் கணுக்கால் தண்ணீரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்து பார்த்தேன். ஓரங்களில் நீள இலைப் புல் செழிப்பாக நின்றது. ஆனால் அதற்கு நடுவே, நாலு முளை நீளத்துக்குத் தரையோடு தரையாக வேறொன்று. குட்டிக் குட்டி வட்ட இலை, ஜோடி ஜோடியாக, கொடிபோல ஓடிக்கொண்டிருந்தது. நம் வயலில் நெல்லுக்கு நடுவே ஆரை படருமே, அச்சாக அதேதான்.

முப்பது வருடமாகப் பயிர் வைக்கிறவள் நான். களையாட்களோடு நானும் இறங்குவது வழக்கம். ஆரையைக் கண்டும் சும்மா நிற்கிற கை எனக்கு இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேரோடு சுகமாக வந்தது. அடுத்தது இன்னும் சுலபம். டேப்பை முளையில் சுற்றிவிட்டு இரண்டு கையாலும் ஆரம்பித்தேன். நாலு முளை வரைக்கும் சுத்தமாக எடுத்து, வேரை அலசி, பிடி பிடியாகக் கட்டி, வரப்பில் வைப்பது போல மணலில் வரிசையாக வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அந்த இடம் அவ்வளவு லட்சணமாக இருந்தது.

ஒரு பிடியைத் தூக்கிக் காட்டினேன். "அகிலா! களையெல்லாம் எடுத்துட்டேன்டி! இனிமே சத்து வீணாவாது!"

குடை கீழே விழுந்தது.

ஊன்றுகோலை மறந்து ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள். "அம்மா... அது களை இல்ல."

"பின்ன இன்னா அது?"

"அதுதாம்மா பயிரு."

உழுதுபோன இடத்தில் முதன்முதலாகத் திரும்ப வருவது அந்தச் சின்ன இலைப் புல்தானாம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். நங்கூரம் போடாமல் விட்ட இடத்தில் அது வந்திருக்கிறதா என்பதற்குத்தான் இரண்டு வருடமாக எல்லோரும் காத்திருந்தார்கள். வந்திருந்தது. நாலு முளைக்கும் வந்திருந்தது. நான் பிடுங்கி, அலசி, கட்டி வைத்திருந்தேன்.

"அந்த நாலுக்கும் போட்டோ?" என்றேன்.

"பேட்டரி எடுக்கத்தானம்மா போயிருக்காங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் பரிசு வாங்கிய படத்தில் நான் பால் கொட்டியபோதும் இப்படித்தான் உட்கார்ந்தாள். பிறகு தன்னிடமே சொல்வது போல, "கடல்பசுவுக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும். இங்க எப்பவாவது மேய வரும்" என்றாள்.

மாட்டுக்குந்தான் என்று அவள் போனில் சொன்னது கிண்டல் இல்லை. பசு தின்கிற புல்லை நான் பிடுங்கியிருக்கிறேன்.

ரொஹானா திரும்பி வந்து மணலில் இருந்த கட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டி, "திடா அபா-அபா" என்றாள். இந்த அம்மாள் எதற்கு என் அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று அர்த்தமாம். பரவாயில்லை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"தண்ணி ஏறறதுக்குள்ள திரும்ப நட்டுடறேன்" என்றேன். "நாத்து நடத் தெரியாதவளா நானு?"

"நட்டுட்டு அளந்தா அது பொய்க் கணக்கும்மா. எழுத மாட்டேன்."

"அளக்காத. புல்லாவது பொழைக்கட்டும்."

கொஞ்சம் யோசித்து, பாதியை நடச் சொன்னாள். மீதியைச் சாட்சிக்கென்று வாளியில் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தோம். நானும் ரொஹானாவும் இடுப்பளவு தண்ணீர் ஏறும்வரை நட்டோம். நெல் நாற்று சேற்றில் நின்றுகொள்ளும். இது கையை எடுத்ததும் மிதக்கிறது. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்து, மேலே மணல் போட்டு, மூச்சை அடக்கி எழுந்தால் பக்கத்தில் நட்டது மிதந்து போய்க்கொண்டிருக்கும். ரொஹானா அதைத் துரத்திக்கொண்டு நீந்துவாள். துறையில் நின்று இரண்டு கிழவர்கள் சாயங்காலம் முழுக்க எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊர்ப் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் வாழைப்பழ பஜ்ஜித் தட்டு. நம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நடக்கும் கூட்டங்களில் டீ வருவதற்கே தீர்மானம் போட வேண்டும். இங்கே பஜ்ஜிதான் முதல் அலுவல்.

ஹாருன் எழுந்தார். அகிலா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ரெண்டு வருஷமா எஞ்சினைச் சுமந்து என் முட்டி போச்சு. புல்லு வரும்னீங்க. கணக்கைக் காட்டுங்க. வந்துச்சா?"

அகிலா எழுந்து அளவுத் தாளைக் காட்டினாள். முதல் வரிசையில் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றாள். இரண்டாவது வரிசையில் நாலு சதுரத்துக்குக் கணக்கு இல்லை என்றாள். ஏன் இல்லை என்று ஹாருன் கேட்டார். அகிலா வாய் திறப்பதற்குள் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நான் ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். ஆரை, களையெடுப்பு, முப்பது வருட அனுபவம், என் மகளின் மேல் தப்பில்லை, இந்தப் பாவி கைதான் காரணம் என்று எல்லாம் சொன்னேன். அகிலா நாலே சொல்லில் மொழிபெயர்த்தாள். என்னவென்று பிறகு கேட்டேன். "புல்லு வந்துச்சு. அம்மா புடுங்கிட்டாங்க."

பெண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்றார்கள். சாரி முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாருன் மட்டும் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, வாளியிலிருந்து ஒரு கொடியை எடுத்து, இலையைத் தடவி, வேரைத் திருப்பிப் பார்த்தார். எங்கே பிடுங்கினாய் என்று கேட்டார். சன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். துறைக்குக் கிழக்கே, மூன்றாம் முளையிலிருந்து.

"அங்க வெறும் மணலு" என்றார். "பதினஞ்சு வருஷம் என் நங்கூரம் கெடந்த எடம். எனக்குத் தெரியாதா?"

"இப்பவும் மணலா?" என்று ரொஹானா பெண்கள் பக்கமிருந்து கேட்டாள்.

ஹாருன் வாளியைப் பார்த்தார். கை நிறைய அள்ளித் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாக வடிந்தது. "இப்பவும் மணலுதான்" என்றார். "இந்த அம்மா புண்ணியத்துல."

அதற்குப் பிறகு கூட்டம் கட்டுக்குள் இல்லை. ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். யாரோ என் வயலின் அளவைக் கேட்டார். அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். நானும் சிரித்தேன், கண்ணீரோடு. ஹாருனும் கடைசியில் மீசையோரமாகச் சிரித்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "புல்லு வந்தது நெசந்தான். ஆனா என் முட்டியும் நெசம். நங்கூரந்தான போடக் கூடாது? புல்லு இல்லாத எடமாப் பாத்து ஒரு கம்பம் நடுங்க. படகை அதுல கட்டிக்கிறேன்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். அகிலா உதட்டைக் கடித்துக்கொண்டு பஜ்ஜியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்பம் நடலாம் என்று ஒரு வருடமாக அவள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டாள். ஏற்பாடு இன்னும் ஒரு வருடத்துக்குத் தொடரும் என்று முடிவானது.

சனிக்கிழமை கம்பம் நட்டார்கள். ஹாருன் தண்ணீருக்குள் தலையைவிட்டுப் பார்த்து, "இங்க புல்லு இருக்கு, தள்ளு. இங்கயும் இருக்கு, இன்னும் தள்ளு" என்று கம்பத்தைத் தூக்கியவர்களை ஒரு மணிநேரம் அலைக்கழித்தார். அவர்களில் ஒருவன் கடுப்பாகி, இந்திய அம்மாவைக் கூப்பிடு, சீக்கிரம் இடம் காலியாகும் என்றானாம். ரொஹானா ஓடிவந்து அதை நடித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் ஊறுகாய் தேடிய அகிலா என் கைப்பையிலிருந்து கல்லூரி விண்ணப்பத்தை எடுத்தாள்.

"இன்னாம்மா இது?"

"உங்கப்பா குடுத்து அனுப்புனாரு."

படித்தாள். மடித்தாள். "நீ இன்னா சொல்ற?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் நட்டதில் எத்தனை நிற்கிறது, எத்தனை மிதந்துபோயிற்று என்று அங்கிருந்து தெரியவில்லை.

"நான் புடுங்கி வெச்சிருக்கேன்" என்றேன். "அது திரும்ப வருதா இல்லையான்னு யாரை நம்பி வுட்டுட்டு நீ வருவ?"

அவள் ஊறுகாய் ஜாடியை அந்தத் தாளின்மேல் வைத்து, எண்ணெய்க் கறை படியும்வரை எடுக்காமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் வந்தார். "இட்டுகினு வர்றியா?"

"கால் சரியாவட்டும்."

"கால் சரியாச்சுன்னா?"

"கால் சரியாச்சுன்னா வேலைக்குப் போவா. வெட்டு எந்த மட்டும் வந்துருக்கு? லாரி வந்துச்சா?"

அவர் லாரி வந்ததைப் பற்றிச் சொன்னார்.

மாவுக்கட்டு பிரிக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். கோங்கோங்கை அறுக்காமல் இழுக்கப் படித்துக்கொண்டேன். ரொஹானா வடகம் உருட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த ஊர்க் காற்றில் அது காயவேயில்லை, பூனைதான் தின்றது. கடல் வற்றும்போதெல்லாம் மணல் வழியாகவே நடந்துபோய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு முளைகளையும் பார்த்துவிட்டு வருவேன். நட்டதில் பெரும்பாலும் போய்விட்டது. அந்த நாலில் இரண்டாவது முளையருகே மட்டும் ஒரு கொடி நின்று, பக்கத்தில் புதிதாக ஒரு ஜோடி இலை விட்டிருந்தது. அதைச் சொல்ல நான் ஓடிவந்ததில் பலகையில் வழுக்கப் பார்த்தேன்.

கிளம்புகிற அன்று காலை, ஹாருனின் படகு கம்பத்தில் கட்டியிருந்தது. அகிலா மடிக்கணினியில் அந்த முறை அளவை ஏற்றிக்கொண்டிருந்தாள். நாலு காலிச் சதுரங்களுக்கும் காரணம் எழுதியாக வேண்டும். எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"பாதிப்பு: சின்ன இலைப் புல் முழுதும் கையால் பிடுங்கப்பட்டது. காரணம்: ஆய்வாளரின் தாய்."

"பேரு போடலியே?"

"பேரு வேணாம்மா." அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தாள். "'மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா'ன்னு கேக்குது. இன்னா போடட்டும்?"

"அடுத்த அளவு எப்ப?"

"ஜூன்ல."

நவரை நெல் அறுப்பு அதற்குள் முடிந்துவிடும். கரும்பு எப்போதோ ஆலைக்குப் போயாயிற்று. வாசலில் ஹாருன் என் பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் வற்றிவிடப் போகிறது என்று கூப்பிட்டார்.

"உண்டுன்னு போடு" என்றேன்.